கொஞ்சம் விசித்திரம், கொஞ்சம் காதல்: அறிவியல் புனைவு மங்காவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நோபிதாவுக்கு முதலில் அமையவிருந்த மனைவி ஷிஸுகா இல்லை. டிவியில் தமிழ் பேசும் டோரேமானைப் பார்த்து வளர்ந்தவர்கள்கூட இதை மறந்திருப்பார்கள். டோரேமான் மங்காவின் (மங்கா என்பது ஜப்பானியக் காமிக்ஸ்) முதல் அத்தியாயம் வெளிவந்தது 1969 டிசம்பரில். நோபிதாவின் பேரனுக்குப் பேரன் செவாஷி, 22ஆம் நூற்றாண்டிலிருந்து மேசை இழுப்பறை வழியாக வந்து ஓர் ஆல்பத்தை நீட்டுகிறான். அதில் நோபிதாவுக்கும் ஜியானின் தங்கை ஜைகோவுக்கும் கல்யாணம் ஆகியிருக்கிறது. தொழில் நொடித்துப்போய், பட்ட கடன் செவாஷி காலம் வரை வந்து நிற்கிறது. அந்த விதியை மாற்றத்தான் டோரேமான் என்ற ரோபோப் பூனை. ‘மாற்றிவிட்டால் நீ பிறக்கவே மாட்டாயே?’ என்று நோபிதா கேட்கிறான். அதற்குச் செவாஷி, ஒசாகாவுக்கு எந்த வண்டியில் போனாலும் போய்ச் சேர்வது ஒசாகாதானே என்கிறான்.

அந்தப் பதில் சரியா? நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் மரபணு என்பார், இன்னொருவர் விதி என்பார். மூன்றாமவர், ‘பாவம் ஜைகோ, அவளை யாராவது கேட்டார்களா?’ என்பார். அந்த மூன்றாமவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். இந்த வகைக் கதைகளைப் பேச அவர்தான் சரியான ஆள்.

டோரேமானை உருவாக்கிய ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ, அறிவியல் புனைவைக் குறிக்கும் எஸ்எஃப் என்ற இரண்டு எழுத்துக்குத் தானே ஒரு விரிவு வைத்திருந்தார்: ‘ஸுகோஷி ஃபுஷிகி’. கொஞ்சம் விசித்திரம் என்று பொருள். ராக்கெட்டும் லேசரும் வேண்டியதில்லை. நம்முடைய சாதாரண நாளில் ஒரே ஒரு விதி மாறினால் போதும். அறிவியல் புனைவும் காதலும் கலந்த மங்காவைத் தேடும்போது நான் கையில் வைத்திருக்கும் அளவுகோல் இதிலிருந்து வந்ததுதான். இந்தக் கதையில் மாறியிருக்கும் அந்த ஒரு விதி எது? அது இரண்டு பேருக்கு நடுவில் என்ன செய்கிறது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இருந்தால் படிக்கலாம். ‘எதிர்கால உலகம், அழகான ரோபோ’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லையென்றால் தாராளமாகத் தள்ளிவிடலாம்.

(மங்கா என்றே சொல்லுங்கள். மாங்கா என்றால் வீட்டில் ஊறுகாய் ஜாடியைக் காட்டுவார்கள்.)

முதலில் ஒரே ஒரு தொகுதி

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நீளமான தொடர் ஒன்றில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். பூமிக்கு வந்த வேற்றுக்கிரகப் பெண்ணின் காதலைச் சொல்லும் ருமிகோ தகஹாஷியின் ‘உருசெய் யத்சுரா’ அருமையான நகைச்சுவைதான். ஆனால் 34 தொகுதிகள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் யாருக்கும் முதலில் கொடுப்பது ‘ஹோஷி நோ கோயே’. ஆங்கிலத்தில் ‘வாய்சஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்’. மகோடோ ஷின்காய் கிட்டத்தட்டத் தனி ஆளாகக் கணினியில் செய்து 2002இல் வெளியிட்ட குறும்படத்தை மிஸு சஹாரா மங்காவாக வரைந்தார். ஒரே தொகுதி. ஓர் ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

கதை இதுதான். பள்ளிக்கூடத் தோழர்கள் இருவர். மிகாகோ விண்வெளிப் படையில் சேர்ந்து போகிறாள், நோபோரு ஊரிலேயே இருக்கிறான். இருவருக்கும் நடுவில் செல்போன் குறுஞ்செய்திகள் மட்டும். கப்பல் தூரம் போகப் போக ஒரு செய்தி வந்து சேர நாட்கள், பிறகு மாதங்கள் ஆகின்றன. கப்பல் சிரியஸ் விண்மீன் பக்கம் தாவியதும், செய்தி வர எட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. சிரியஸ் இருப்பது 8.6 ஒளியாண்டு தொலைவில். அவள் பதின்வயதுப் பெண்ணாகவே இருந்து எழுதியதை, அவன் இருபதுகளில் இருக்கும்போதுதான் படிக்கிறான்.

மாறிய விதி: போன ஆள் தாவிவிடலாம், அனுப்பிய சொல் தாவ முடியாது. இருவருக்கு நடுவில் அது செய்வது: காத்திருக்க வைக்கிறது. அவ்வளவுதான் கதை. தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு பொறி தட்ட வேண்டும். பிரிந்து போவது பாலை, காத்திருப்பது முல்லை. நம் பாட்டுகளில் பொருள் தேடியோ போருக்கோ போகிறவன் தலைவன், கார்காலத்தை எண்ணிக்கொண்டு இருப்பவள் தலைவி. இங்கே அது தலைகீழ். போருக்குப் போனது பெண், வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது பையன். இதைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினாலே ஒரு மாலை ஓடிவிடும்.

படிக்கும் முறை

வலமிருந்து இடம். புத்தகத்தின் முதுகு வலது கைப்பக்கம் இருக்கும். பக்கத்திலும் மேல் வலது கட்டத்தில் தொடங்கி இடப்பக்கம் போக வேண்டும், ஒரு கட்டத்துக்குள் இருக்கும் பேச்சுக் குமிழ்களும் அப்படியே. முத்து, லயன் காமிக்ஸ் படித்துப் பழகிய கண் முதல் இருபது பக்கம் தடுமாறும், பிறகு தானே சரியாகிவிடும். பழைய ஆங்கிலப் பதிப்புகளில் பக்கங்களைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டிருப்பார்கள். அதில் எல்லோரும் இடதுகைக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

காதல் மங்காவில், குறிப்பாகப் பெண்களுக்கான இதழ்களில் வந்தவற்றில், கட்டமே இல்லாத பக்கங்கள் வரும். குமிழுக்கு வெளியே வெள்ளையில் மிதக்கும் வரிகள் பேச்சில்லை, மனசுக்குள் ஓடுவது. இது தெரியாமல் ‘இவள் இதை அவனிடம் சொல்லியே விட்டாளே, அப்புறம் ஏன் அவனுக்குப் புரியவில்லை?’ என்று ஒரு தொகுதி முழுக்கக் குழம்பியவன் நான்.

இதழின் பெயரைப் பிடியுங்கள்

கடைகளிலும் செயலிகளிலும் ‘ரொமான்ஸ்’, ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ என்ற இரண்டு வகைப் பட்டியும் (டேக்) சேர்ந்த கதைகளைத் தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டும். அதில் வழி தெரியாது. வேறு வழி இருக்கிறது. மங்கா பெரும்பாலும் முதலில் இதழில் தொடராக வந்து, பிறகுதான் தொகுதியாகிறது. ஒவ்வோர் இதழுக்கும் ஒரு ருசி உண்டு. பிடித்த கதை எந்த இதழில் வந்தது என்று பார்த்து, அதே இதழில் வந்த மற்றவற்றைத் தேடுங்கள்.

கொதான்ஷா பதிப்பகத்தின் மாத இதழ் ‘ஆஃப்டர்நூன்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேலே சொன்ன ‘ஹோஷி நோ கோயே’ அதில் வந்ததுதான். கடல் மட்டம் உயர்ந்து மனித குலம் மெதுவாக ஓய்ந்துகொண்டிருக்கும் உலகில், ஒரு ரோபோப் பெண் காபிக் கடை நடத்தியபடி ஊரைவிட்டுப் போன முதலாளிக்காகக் காத்திருக்கும் ‘யோகோஹாமா கைடாஷி கிகோ’ (1994 முதல் 2006 வரை, 14 தொகுதிகள், வரைந்தவர் ஹிதோஷி அஷினானோ) அதில்தான் வந்தது. மனித உடலே இல்லாமல் ரத்தினக் கற்களாக வாழும் உயிர்களைப் பற்றிய ஹருகோ இச்சிகாவாவின் ‘லேண்ட் ஆஃப் தி லஸ்ட்ரஸ்’ 2012 முதல் 2024 வரை அதே இதழ். சுதோமு நிஹேயின் ‘நைட்ஸ் ஆஃப் சிடோனியா’வும் அங்கேதான். அந்த இதழ் புதியவர்களுக்கு ‘நான்கு பருவங்கள்’ என்ற பெயரில் பரிசுப் போட்டி நடத்துகிறது. இச்சிகாவா அதன் வழியாக வந்தவர். இந்த நான்கில் எதுவும் அச்சு அசலான காதல் கதை இல்லை. ஆனால் நான்கிலும் ‘ஒருவரை விரும்புவது என்றால் என்ன’ என்ற கேள்வி எங்கேயோ ஓடிக்கொண்டே இருக்கும். பட்டியை நம்பித் தேடினால் இவை கண்ணிலேயே படாது.

இன்னொரு வழி, சேயுன் விருதுப் பட்டியல். ஜப்பானிய அறிவியல் புனைவு மாநாட்டில் வாசகர்கள் வாக்களித்துத் தருவது, 1970 முதல் இருக்கிறது. 1978இல் முதன்முதலாக மங்காவுக்கும் கொடுத்தபோது அதை வென்றவர் கெய்கோ தகேமியா, படைப்பு ‘தெரா எ’. 1987இல் ‘உருசெய் யத்சுரா’, 2002இல் ‘பிளானெடெஸ்’, 2007இல் ‘யோகோஹாமா’, 2019இல் ‘கேர்ல்ஸ் லாஸ்ட் டூர்’. பட்டியலை வைத்துக்கொண்டு வருடத்துக்கு இரண்டு படித்தாலே போதும்.

ஒரு படைப்புக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஜப்பானியப் பெயரையும் ஆங்கிலப் பெயரையும் சேர்த்தே குறித்து வையுங்கள். ஒரே கதையை வேறு வேறு என்று நினைத்து இரண்டு தடவை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். யாரென்று சொல்ல மாட்டேன்.

1975இல் ஒரு விண்கப்பல்

பழையதைத் தள்ளாதீர்கள். 1949 வாக்கில் பிறந்த சில பெண்கள், எழுபதுகளில் பெண்பிள்ளைகளுக்கான இதழ்களையே புரட்டிப்போட்டார்கள். பெண்பிள்ளைகளுக்கு எதற்கு விண்வெளிக் கதை என்று முகம் சுளித்த காலம் அது. மோதோ ஹாகியோ 1975இல் ‘ஜூயிச்சினின் இரு’வை வெளியிட்டார். தலைப்பின் பொருள்: பதினோரு பேர் இருக்கிறார்கள். விண்வெளிக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு. பத்துப் பேர் கொண்ட குழு ஒரு கைவிடப்பட்ட கப்பலில் 53 நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். உள்ளே போய் எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர். அந்தக் கூடுதல் ஆள் யார்?

துப்பறியும் கதைபோலத் தொடங்கும் இதில் ஃப்ரோல் என்று ஒரு பாத்திரம் வருகிறது. ஃப்ரோலின் கிரகத்து மனிதர்கள் வளர்ந்த பிறகுதான் ஆணாகவோ பெண்ணாகவோ ஆவார்கள். ஆணாகும் உரிமை தலைப்பிள்ளைக்கு மட்டும். தேர்வில் வென்றால் தனக்கும் அது கிடைக்கும் என்பதற்காகத்தான் ஃப்ரோல் வந்திருக்கிறது. (இங்கே ‘இருக்கிறான்’, ‘இருக்கிறாள்’ இரண்டுமே பொருந்தாமல் நம் வினைமுற்று திணறுவதைக் கவனியுங்கள்.) தாதா என்ற பையனுக்கும் ஃப்ரோலுக்கும் இடையில் வளர்வதுதான் காதல்.

முடிவைப் பற்றி இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். தாதா ஃப்ரோலைப் பெண்ணாகும்படி கேட்கிறான், தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறான். 1975இல் இந்த அளவுக்குப் போனதே பெரிது என்பது ஒரு கட்சி. அவ்வளவு தூரம் பறந்து கடைசியில் கல்யாண மண்டபத்தில் இறங்கிவிட்டதே என்பது இன்னொன்று. நான் இரண்டாவது பக்கம் சாய்ந்திருந்தேன். திரும்பப் படித்தபோது, தனக்கு என்ன வேண்டும் என்பதை ஃப்ரோலே யோசிக்கும் பக்கங்கள் கண்ணில் பட்டன. இப்போது நடுவில் நிற்கிறேன்.

இடிக்கப்பட்ட நகரில் ஒரு அலுவலகக் காதல்

இன்றைய காலத்துப் படைப்பு ஒன்றை மட்டும் சொல் என்றால் ஜுன் மயுசுகியின் ‘கௌலூன் ஜெனரிக் ரொமான்ஸ்’. 2019இல் வாரப் பத்திரிகையான ‘யங் ஜம்ப்’பில் தொடங்கியது. முப்பதைத் தாண்டிய ரெய்கோ குஜிராய் ஒரு வீட்டுமனை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்ப்பவர் குதோ. தர்பூசணி, சிகரெட், வெயில், மதியச் சாப்பாட்டுக்குச் சந்துக்கடை. முதல் சில அத்தியாயங்களில் அறிவியல் புனைவு எங்கே என்று தேட வேண்டும்.

கதை நடக்கும் இடத்தில்தான் அது இருக்கிறது. ஹாங்காங்கின் கௌலூன் கோட்டை நகரம், இரண்டே முக்கால் ஹெக்டேருக்குள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடுக்கடுக்காக வாழ்ந்த இடம், 1993, 94இல் இடித்துத் தள்ளப்பட்டுவிட்டது. இப்போது அங்கே பூங்காதான். இந்தக் கதையிலோ நகரம் அப்படியே நிற்கிறது, வானத்தில் என்னவோ ஒன்று தொங்குகிறது. ஒருநாள் குதோவின் பழைய புகைப்படம் ஒன்று ரெய்கோவுக்குக் கிடைக்கிறது. அதில் அவர் பக்கத்தில் நிற்பவள் அச்சாக அவளைப்போலவே இருக்கிறாள். ஆனால் அப்படியொரு படம் எடுத்த நினைவே அவளுக்கு இல்லை. யோசித்துப் பார்த்தால், அதற்கு முந்தைய எந்த நினைவுமே இல்லை.

இதற்கு மேல் சொல்ல மாட்டேன். எழுப்பப்படும் கேள்வி கூர்மையானது: ஏக்கத்தோடு பழையதை நினைப்பதும் காதலும் ஒன்றா? குதோ நேசிப்பது முன்னால் நிற்பவளையா, அவளுக்குள் தெரியும் இன்னொருத்தியையா? நகரமே ஒரு நகலாக இருக்கும் இடத்தில் இதைக் கேட்பதால்தான் அது வலிக்கிறது. வெறும் அலுவலகக் காதலாக இருந்திருந்தால் முக்கோணக் கதை என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம்.

சில எச்சரிக்கைகள்

ஷின் தகஹாஷியின் ‘சாய்கானோ’வில் ஹொக்கைடோவின் சிறு நகரத்துப் பள்ளி மாணவி சிசே, ராணுவத்தின் ஆயுதமாக மாற்றப்படுகிறாள். அவளுடைய காதலன் ஷூஜி பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரோடு போர், எதற்காக என்று கடைசிவரை சொல்லவே மாட்டார்கள். முதல்முறை படிப்பவர்கள் இதைக் குறை என்று நினைப்பார்கள். ஜப்பானில் இந்த வகைக்கு ‘செகாய்-கேய்’ என்று பெயர்: ஒருபக்கம் நீயும் நானும், மறுபக்கம் உலகத்தின் முடிவு, நடுவில் இருக்க வேண்டிய அரசு, ஊர், சமூகம் எல்லாம் வேண்டுமென்றே அழிக்கப்பட்டிருக்கும். ‘ஹோஷி நோ கோயே’யும் அதே கூட்டம்தான். இரண்டிலும் விலை கொடுப்பது பெண், சோகப்படுவது பையன் என்று ஒரு விமர்சனம் உண்டு. நியாயமான விமர்சனம்.

‘சாய்கானோ’வில் போரும் உடலுறவும் வெளிப்படையாக வரும், வளர்ந்தவர்களுக்கான புத்தகம். இச்சிகோ தகானோவின் ‘ஆரஞ்ச்’, எதிர்காலத்திலிருந்து தனக்குத் தானே எழுதிய கடிதம் பெறும் பள்ளி மாணவியின் கதை, அட்டை பார்க்க மென்மையாக இருக்கும். ஆனால் அது தற்கொலையைப் பற்றியது. கடிதம் எப்படிக் காலத்தைத் தாண்டி வந்தது என்பதற்கு அது தரும் விளக்கம் சொத்தை, நண்பர்கள் ஒருவனைத் தாங்கிப் பிடிக்கும் விதம் அபாரம். யாருக்காவது பரிந்துரைக்கும்போது இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னட்டையில் வயது வரம்பு போட்டிருக்கும், பிள்ளைகளுக்கு வாங்குபவர்கள் அதைப் பாருங்கள்.

எங்கே படிப்பது? ஷுயேஷா பதிப்பகத்தின் ‘மங்கா பிளஸ்’ செயலியில் பல தொடர்களின் முதல் சில அத்தியாயங்களும் புதிய அத்தியாயங்களும் இலவசம். பேயை நம்பும் பெண்ணும் வேற்றுக்கிரகவாசியை நம்பும் பையனும் ஒருவரோடொருவர் பந்தயம் கட்டித் தொடங்கும் ‘டண்டடான்’ அங்கே இருக்கிறது. கலகலப்பாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு அது. மற்றவற்றில் பல ஆங்கிலத்தில் அச்சுப் புத்தகமாகவோ மின்னூலாகவோ வந்திருக்கின்றன. திருட்டுத்தனமாக ஸ்கேன் செய்து போடும் இணையப் பக்கங்களில் படித்தால் மொழிபெயர்ப்பு எந்த நேரத்தில் காலை வாரும் என்று தெரியாது. காதல் வசனத்தில் அது வாரினால் கதையே போச்சு.

பேசுவது தமிழிலேயே

ஆங்கிலத்தில் படித்தாலும் தமிழில் பேசுங்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. ஜப்பானியக் காதல் கதையில் குடும்பப் பெயரோடு மரியாதைக்கு ‘சான்’ சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள் இட்ட பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது பெரிய நிகழ்ச்சி. ஆங்கிலத்தில் அது எடுபடாது. ‘நீங்க’ என்று பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று ‘நீ’ என்றால் நமக்கு என்ன ஆகும்? அதேதான். ‘ஸுகி’ என்பதை ஆங்கிலத்தில் படித்துவிட்டு ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்று தமிழாக்கினால் மேடை நாடகம் ஆகிவிடும். ‘உன்னைப் பிடிச்சிருக்கு’ என்பதுதான் அதன் எடை. நெஞ்சு அடித்துக்கொள்ளும் ‘தோகி தோகி’க்கு நம்மிடம் ‘படபட’ இருக்கிறது.

மகோடோ யுகிமுராவின் ‘பிளானெடெஸ்’, 2070களில் விண்வெளிக் குப்பை பொறுக்கும் தொழிலாளர்களின் கதை. அதில் கதாநாயகன் ஷிரிடோரி விளையாட்டுக்கு நடுவே கல்யாணப் பேச்சை எடுக்கிறான். ஷிரிடோரி என்பது நம் அந்தாதி மாதிரி, முந்தைய சொல் முடிந்த எழுத்தில் அடுத்த சொல் தொடங்க வேண்டும். ‘ன்’ ஒலியில் முடியும் சொல்லைச் சொன்னவர் தோற்றார். அவன் ‘கல்யாணம் செய்துகொள்ளலாம்’ என்கிறான், அந்த வாக்கியம் ஜப்பானிய மொழியில் ‘உ’வில் முடிகிறது. அவள் ‘உன்’ என்கிறாள். ஜப்பானிய மொழியில் ‘ம், சரி’ என்று அர்த்தம். ஆட்டத்தில் தோற்றுவிட்டாள், பதிலும் சொல்லிவிட்டாள். இதை ஆங்கிலத்தில் விளக்க அடிக்குறிப்பு வேண்டும், அந்தாதி தெரிந்தவருக்கு ஒரு வரி போதும்.

கூடிப் பேசுவதற்கு மூன்று பேர் போதும், ஐந்தைத் தாண்டினால் இரைச்சல்தான். வாட்ஸ்அப் குழுவில் பேசுவதானால் செய்தியின் முதல் வரியிலேயே ‘தொகுதி 2 வரை’ என்று போட்டுவிடுங்கள். அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பார்த்தவரும் மங்கா படித்தவரும் ஒரே குழுவில் இருந்தால் யார் எதைப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘கௌலூன்’ 2025இல் அனிமேயாகவும் வந்தது, புகைப்படத்தில் இருப்பவள் யார் என்று ஒருவர் வாய்தவறிச் சொன்னால் அடுத்த மூன்று மாதத்துக்கு அவரோடு யாரும் பேச மாட்டார்கள்.

கதைச்சுருக்கம் சொல்ல வேண்டாம், எல்லோரும் படித்தாகிவிட்டது. ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துவரச் சொல்லுங்கள். ஏன் இந்தப் பக்கம், இதில் எந்தக் கட்டத்தில் கண் நின்றது என்று தொடங்கினால் ‘எனக்குப் பிடித்தது, பிடிக்கவில்லை’யைத் தாண்டிப் பேச்சு தானே நகரும். சும்மா இருப்பவரிடம் ‘விதி மாறாமல் இருந்திருந்தால் இவர்கள் சேர்ந்திருப்பார்களா?’ என்று கேளுங்கள், வாய் திறந்துவிடும். ‘யோகோஹாமா’ மாதிரி ஒன்றும் நடக்காத கதைக்கு மட்டும் வேறு விதம்: ஓர் அத்தியாயத்தைக் கூடவே உட்கார்ந்து, பேசாமல், மெதுவாகப் படியுங்கள். அந்தக் காபிக் கடையில் எவ்வளவு நேரம் யாரும் வராமல் இருக்கிறார்கள் என்பது வேகமாகப் புரட்டும் கைக்குத் தெரியாது.

முதல் சந்திப்புக்கு ‘ஹோஷி நோ கோயே’. இரண்டாவதுக்கு ‘பிளானெடெஸ்’, நான்கு தொகுதிகள், மாதம் ஒன்று. யாராவது ஒருவர் கட்டாயம் பாதியில் நிற்பார். அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள், எந்தப் பக்கத்தில் மூடி வைத்தார் என்று கேளுங்கள். பல நேரம் அந்தப் பக்கத்தில்தான் பேச விஷயம் இருக்கும்.